சாலை அலைன்மென்ட்டுக்குச் செயினேஜ் வாரியாக ஆயத்தொலை, லெவல் அறிக்கை: பினாங்கிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

சைட்டிலிருந்து போன் வரும். “தம்பி, ரோட்டுக்கு செயினேஜ் வாரியா லெவல் வேணும், சாயங்காலத்துக்குள்ள குடுத்துடு.” அலைன்மென்ட் என்பது சாலையின் நடுக்கோட்டுப் பாதை, செயினேஜ் என்பது தொடக்கத்திலிருந்து அதன் வழியே அளந்த தூரம் (1+280 என்றால் 1280 மீட்டர்), லெவல் என்பது அந்த இடத்தின் உயரம். அந்த அறிக்கையை எடுக்க மென்பொருளுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. இருபது மீட்டருக்கு ஒரு வரி, அழகான அட்டவணை, அனுப்பியாயிற்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் அனுப்பினேன். சாலை போட்டு முடித்து முதல் பெருமழை பெய்ததும் ஒரே இடத்தில் பதினாறு மீட்டர் நீளத்துக்குத் தண்ணீர் தேங்கியது. வடிகால் வாய் பக்கத்திலேயேதான் இருந்தது, தண்ணீர்தான் அதற்குள் போகவில்லை. டிசைனில் பிழை இல்லை, கட்டியவர்கள் மேலும் பிழை இல்லை. பிழை என் அட்டவணையில் இருந்தது. அந்தக் கணக்கைக் கீழே காட்டுகிறேன்.

நான் பயன்படுத்துவது ஆட்டோடெஸ்க் சிவில் 3டி. மெனுவின் பெயர்கள் பதிப்புக்குப் பதிப்பு லேசாக மாறலாம். வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் வரிசை இதேதான். பட்டன் இருக்கும் இடம் மட்டும் வேறு.

முதலில்: யாருக்காக?

தரையில் பெக் (அடையாள முளை) அடிப்பவருக்கு வேண்டியது ஒவ்வொரு புள்ளிக்கும் வடக்கு, கிழக்கு, லெவல் மூன்றும். இன்ஜினியருக்கு ஒரே செயினேஜில் இருக்கும் தரை லெவலும் டிசைன் லெவலும் பக்கத்துப் பக்கத்தில் வேண்டும். மண் அளவு போடுபவருக்கு குறுக்குவெட்டு வேண்டும். “லெவல் வேணும்” என்று சொன்னவரிடம் இதில் எது என்று கேட்டுவிடுங்கள். சென்டர் லைனா, கெர்ப் (சாலையோரக் கல்) ஓரமா என்றும் கேளுங்கள். முடிந்த தார் மட்டமா, அடியில் இருக்கும் கல் மட்டமா என்பதைக் கட்டாயம் கேளுங்கள். இரண்டுக்கும் நடுவே சாலையின் முழு கனம் இருக்கிறது.

ஆயத்தொலை எந்தச் சட்டகத்தில்?

மலேசியாவில் இரண்டு ஆயத்தொலைச் சட்டகங்கள் புழக்கத்தில் உள்ளன. தீபகற்பம் முழுவதற்கும் பொதுவான ஆர்.எஸ்.ஓ. ஒன்று. நில லாட்டு எல்லைகளுக்கு மாநிலவாரியாக இருக்கும் காசினி இன்னொன்று. இரண்டுமே இப்போது 2003இல் அறிவிக்கப்பட்ட ஜி.டி.எம். 2000 என்ற நில அளவை அடித்தளத்தில் இருக்கின்றன. பழைய வரைபடங்களோ கெர்த்தாவு அடித்தளத்தில் இருக்கும். டிசைன் ஃபைல் ஒன்றில், கன்ட்ரோல் புள்ளிகள் (ஆயத்தொலை முன்பே தெரிந்த சைட் புள்ளிகள்) இன்னொன்றில் என்று கலந்து வருவது அபூர்வம் இல்லை.

பினாங்கின் காசினிக்கு ஒரு தனி ருசி உண்டு. அதன் தொடக்கப்புள்ளி ஜார்ஜ்டவுன் கடற்கரையில் இருக்கும் கார்ன்வாலிஸ் கோட்டை. நடைமுறையில் கோட்டையடியில்தான் பூஜ்யம். கோட்டை தீவின் வடகிழக்கு மூலையில் இருப்பதால் தீவில் நாம் வேலை செய்யும் இடம் பெரும்பாலும் அதற்கு மேற்கிலும் தெற்கிலும்தான் வரும். ஆயர் ஈத்தாமாக இருந்தாலும் பாயா தெருபோங்காக இருந்தாலும் கிழக்கும் மைனஸ், வடக்கும் மைனஸ். கடல் தாண்டி பட்டர்வொர்த் பக்கம் போனால் கிழக்கு பிளஸ் ஆகிவிடும்.

இதிலிருந்து வரும் தொல்லை இரண்டு. ஒன்று, எக்செலிலோ டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியிலோ ஏற்றும்போது மைனஸ் குறி விழுந்துவிட்டால் புள்ளி கடலிலோ அக்கரையிலோ போய் உட்காரும். பார்த்தவுடன் தெரிந்துவிடும் என்பதால் இதைப் பற்றி எனக்குப் பயம் இல்லை. இரண்டாவது மோசமானது: வடக்கும் கிழக்கும் இடம் மாறுவது. பாயான் லெப்பாஸ் விமான நிலையம் கோட்டைக்கு மேற்கே சுமார் ஏழரை கிலோமீட்டரிலும் தெற்கே சுமார் பதின்மூன்றரை கிலோமீட்டரிலும் இருக்கிறது. இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள், மலைக்கு அந்தப் பக்கம் பாலிக் புலாவ் வட்டாரத்தில் வந்து நிற்கும். எண்கள் இரண்டும் மைனஸ், இரண்டும் தீவுக்குள், திரையில் எதுவும் விகாரமாகத் தெரியாது. ஆர்.எஸ்.ஓ.வில் வடக்கு எண் கிழக்கைவிடப் பெரியது என்று கண்ணாலேயே பிடித்துவிடலாம். காசினியில் அந்தச் சௌகரியம் கிடையாது.

ஆகவே முதல் வேலை: டூல்ஸ்பேஸில் செட்டிங்ஸ் தாவலுக்குப் போய், ஃபைல் பெயரின்மேல் வலது கிளிக் செய்து, ட்ராயிங் செட்டிங்ஸைத் திறந்து, அலகு மீட்டர்தானா, மண்டலம் சரியானதா என்று பாருங்கள். அடுத்து, சைட்டில் உள்ள கன்ட்ரோல் புள்ளி ஒன்றின் எண்ணைத் தட்டி, அது வரைபடத்தில் அதே இடத்தில் விழுகிறதா என்று பாருங்கள். ஒன்று போதாது, இரண்டு புள்ளி பாருங்கள். இரண்டுக்கும் நடுவிலான தூரமும் சர்வே தாளோடு ஒத்துப்போக வேண்டும்.

தூரம் பற்றி ஒரு வார்த்தை. ஆர்.எஸ்.ஓ.வின் நடுக்கோட்டில் அளவுக் காரணி 0.99984. தரையில் ஒரு கிலோமீட்டர் என்பது அங்கே வரைபடத்தில் 16 செ.மீ. குறையும். பினாங்கு நடுக்கோட்டிலிருந்து தள்ளி இருப்பதால் இங்கே அதில் ஏறக்குறைய பாதிதான். சின்ன ஜங்ஷன் வேலைக்கு இது பொருட்டில்லை. ஐந்து கிலோமீட்டர் சாலையில் கடைசிச் செயினேஜ் நாற்பது செ.மீ. அளவுக்குத் தள்ளிப்போகும். டோட்டல் ஸ்டேஷனில் காரணியைப் போட்டுவிட்டு, மென்பொருளிலும் போட்டு, இரண்டு முறை திருத்திவிடுவதும் நடக்கும். எங்கே போடுவது என்று அலுவலகமும் சைட்டும் ஒரே முடிவில் இருக்க வேண்டும்.

லெவல் எதிலிருந்து?

தீபகற்பத்தின் இப்போதைய லெவல் அடித்தளம் போர்ட் கிள்ளான் அலைமானியில் 1984 முதல் 1993 வரை பார்த்த சராசரிக் கடல் மட்டம். அதற்கு முன்பு இருந்தது 1912ஆம் ஆண்டின் நில அளவை அடித்தளம். பழைய பாலம், பழைய கால்வாய் வரைபடத்தில் இருக்கும் லெவலை அப்படியே இன்றைய சர்ஃபேஸில் (மென்பொருளில் உள்ள தரை மாதிரியில்) சேர்க்காதீர்கள். முதலில் ஓர் இன்றைய பெஞ்ச்மார்க்கிலிருந்து (லெவல் தெரிந்த நிலையான குறியிலிருந்து) அளந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஜி.பி.எஸ். ரோவரில் எடுத்த உயரம் இன்னொரு கதை. மைஆர்.டி.கே.நெட் என்ற அரசு திருத்தச் சேவை வழியாக வருவது எலிப்சாய்டு உயரம், அதாவது பூமியின் கணித வடிவத்திலிருந்து அளந்தது. ஜியாய்டு மாதிரி (அதைக் கடல் மட்ட உயரமாக மாற்றுவது) போட்டுத் திருத்தாவிட்டால் பெஞ்ச்மார்க் லெவலிலிருந்து பல மீட்டர் விலகும். பெரிய பிழை என்பதால் சீக்கிரம் மாட்டிக்கொள்ளும். பாதிப் புள்ளிகள் திருத்தியும் பாதி திருத்தாமலும் வந்தால்தான் தலைவலி.

அலைன்மென்ட்டையும் புரொஃபைலையும் சோதிப்பது

அலைன்மென்ட் ப்ராப்பர்ட்டீஸில் ஸ்டேஷன் கன்ட்ரோல் என்ற தாவல் இருக்கிறது (செயினேஜை மென்பொருள் ஸ்டேஷன் என்கிறது). தொடக்கச் செயினேஜ் அங்கேதான். மென்பொருள் தானாக 0+000 என்று வைத்துக்கொள்ளும். உங்கள் கான்ட்ராக்ட் பகுதி 4+350இல் தொடங்கலாம். டிசைன் தாளில் இருக்கும் கடைசிச் செயினேஜோடு உங்கள் அலைன்மென்ட்டின் கடைசிச் செயினேஜ் மில்லிமீட்டர் வரை ஒத்துப்போனால் நிம்மதி. போகவில்லை என்றால் ஏதோ ஒரு வளைவின் ஆரம் அல்லது ஸ்பைரல் (நேர்ப்பகுதியை வட்ட வளைவோடு இணைக்கும் வளைவு) நீளம் வேறாக இருக்கிறது. டிசைனை ஃபைலாக வாங்காமல் தாளைப் பார்த்து வரைந்திருந்தால் இந்தச் சோதனையை விடவே கூடாது.

இடையில் பாதை மாற்றம் வந்து, பழைய செயினேஜ் கெடாமல் இருக்க செயினேஜ் சமன்பாடு (ஓர் இடத்தில் எண்ணை மாற்றித் தொடர்வது) போட்டிருந்தால், ஒரே செயினேஜ் எண் இரண்டு இடத்துக்கு வரலாம். அப்போது அறிக்கையில் முன்பகுதி, பின்பகுதி என்று பெயர் பிரித்து எழுதுங்கள்.

புரொஃபைலில் (அலைன்மென்ட் நெடுக லெவலைக் காட்டும் கோட்டில்) பார்க்க வேண்டியது சுருக்கம்தான். தரைப் புரொஃபைல் சர்ஃபேஸோடு இணைந்து உயிரோடு இருக்கிறதா, யாராவது பாதியில் ஸ்டாட்டிக் (சர்ஃபேஸ் மாறினாலும் மாறாதது) ஆக்கிவிட்டார்களா? டிசைன் புரொஃபைல் ஒன்றுக்கு மேல் இருந்தால் எது கடைசி? “ஃபைனல்”, “ஃபைனல் 2”, “ஃபைனல் புதுசு” என்று மூன்று கிடக்கும் ஃபைலை எல்லோரும் பார்த்திருப்போம். அறிக்கை ஜன்னலில் அந்தப் பட்டியல்தான் வரும், முதலில் நிற்பதைத்தான் அவசரத்தில் கை தேர்ந்தெடுக்கும்.

எந்தச் செயினேஜ்கள்? வேலையின் உயிர் இங்கேதான்

அந்தத் தண்ணீர் தேங்கிய கதைக்கு வருகிறேன். எண்களைப் புரிவதற்காக முழுமையாக்கித் தருகிறேன். ஒரு பள்ள வளைவு 1+200இல் தொடங்குகிறது, அங்கே லெவல் 24.500. உள்ளே வரும் சாய்வு 3% இறக்கம், வெளியே போவது 2% ஏற்றம், வளைவின் நீளம் 120 மீட்டர். நான் கொடுத்த இருபது மீட்டர் அட்டவணை இப்படி இருந்தது:

1+240 — 23.633
1+260 — 23.450
1+280 — 23.433
1+300 — 23.583

இதைக் கையில் வைத்திருப்பவர் வடிகால் வாயை எங்கே வைப்பார்? அட்டவணையில் இருப்பதிலேயே தாழ்ந்த வரி 1+280. அங்கேதான் வைத்தார்கள். ஆனால் உண்மையான தாழ்புள்ளி 1+272, லெவல் 23.420. வாய் இருந்த இடம் 13 மி.மீ. மேலே. தண்ணீர் அந்த 13 மி.மீ. ஏறினால்தான் வாய்க்குள் இறங்கும், அதுவரை 1+264 முதல் 1+280 வரை குளம். பதினாறு மீட்டர் அப்படித்தான் வந்தது. சைட் ஆட்கள் அளவு தவறாமல் என் அட்டவணைப்படியே செய்திருந்தார்கள் என்பதுதான் எனக்கு அதிக வருத்தம்.

ஆகவே சம இடைவெளியோடு கீழே உள்ளவையும் வரிசையில் வர வேண்டும். கிடை வளைவின் தொடக்கமும் முடிவும். ஸ்பைரல் இருந்தால் அது வட்டத்தோடு சேரும் இடங்கள். செங்குத்து வளைவின் தொடக்கம், முடிவு, அதன் உச்சி அல்லது தாழ்புள்ளி. குறுக்குச் சாய்வு புரளும் இடங்கள், குறிப்பாக ஒரு பக்கம் முற்றிலும் தட்டையாகும் இடம், ஏனென்றால் அங்கேயும் தண்ணீர் நிற்கும். கல்வெர்ட், பாலத்தின் இரு முனை, ஜங்ஷன் வாய், ஏற்கெனவே இருக்கும் சாலையோடு இணையும் இடம்.

இடைவெளியின் அளவுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. வளைவில் இரண்டு பெக்குக்கு நடுவே கயிறு கட்டினால் கயிறு நேராகப் போகும், சாலை வளைந்து போகும். நடுவில் வரும் இடைவெளி ஏறக்குறைய பெக் தூரத்தின் வர்க்கத்தை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தது. ஆரம் 60 மீட்டர் என்று வையுங்கள், நம் மலைச் சாலைகளில் அப்படி வரும். இருபது மீட்டர் பெக் என்றால் நடுவில் சுமார் 83 செ.மீ. தப்பும். பத்து மீட்டரில் 21 செ.மீ., ஐந்து மீட்டரில் 5 செ.மீ. கெர்ப் போடும் ஆளிடம் இருபது மீட்டர் அட்டவணையைக் கொடுத்தால் அவர் கண்ணளவில்தான் வளைப்பார். நேர்ப்பகுதிக்கு 20, சாதாரண வளைவுக்கு 10, இறுக்கமான வளைவுக்கும் கெர்ப் திரும்பும் இடத்துக்கும் 5 அல்லது அதற்கும் கீழே என்பது என் வழக்கம்.

அறிக்கையை ஓட்டுவது

டூல்ஸ்பேஸில் டூல்பாக்ஸ் தாவல். தெரியவில்லை என்றால் ஹோம் ரிப்பனில் பேலட்ஸ் பகுதியிலிருந்து வரவழைக்கலாம். அதில் ரிப்போர்ட்ஸ் மேனேஜர், அதன் கீழே அலைன்மென்ட், புரொஃபைல், காரிடார், பாயின்ட்ஸ் என்று கிளைகள். வேண்டியதன்மேல் வலது கிளிக், எக்ஸிக்யூட்.

அலைன்மென்ட் கிளையில் இன்க்ரிமென்டல் ஸ்டேஷன் அறிக்கை, செயினேஜோடு வடக்கு, கிழக்கு, திசை தரும். லெவல் தராது. புரொஃபைல் கிளையில் உள்ள இன்க்ரிமென்டல் அறிக்கை லெவல் தரும், ஆயத்தொலை தராது. புதிதாக வருபவர்கள் இரண்டையும் எடுத்து எக்செலில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுவார்கள். ஒன்றில் கூடுதலாக ஒரு வளைவு முனை வரி இருந்தால் அதற்குக் கீழே எல்லா லெவலும் ஒரு வரி நழுவிவிடும். தலைப்பும் சரி, எண்களும் பார்க்கச் சரி, ஆனால் ஒவ்வொரு பெக்கும் அடுத்த பெக்கின் லெவலில் நிற்கும்.

இதற்கு என் சிபாரிசு: ஒட்டவே ஒட்டாதீர்கள், புள்ளிகளாக உருவாக்குங்கள். சென்டர் லைனுக்கு, பாயின்ட் உருவாக்கும் கருவிப்பட்டியில் அலைன்மென்ட் பிரிவில் சம இடைவெளிப் புள்ளி, வளைவு முனைப் புள்ளி, புரொஃபைல் முனைப் புள்ளி என்று தனித்தனி வழிகள் உள்ளன. லெவல் தானாக ஏறாத புள்ளிகளும் இருக்கும். பூஜ்யமோ வெறுமையோ உள்ள வரி ஒன்றுகூட இல்லை என்று பாயின்ட் குரூப்பைத் திறந்து பாருங்கள்.

கெர்ப் ஓரம், தார் ஓரம், கால்வாய் விளிம்பு எல்லாம் வேண்டும் என்றால் காரிடார் (சாலையின் முப்பரிமாண மாதிரி) இல்லாமல் முடியாது. காரிடாரைக் கட்டும்போதே அசெம்பிளி (சாலையின் குறுக்குவெட்டு அச்சு) இடைவெளி ஜன்னலில் நேர்ப்பகுதி, வளைவு, ஸ்பைரல், செங்குத்து வளைவு ஆகியவற்றுக்குத் தனித்தனி இடைவெளி கேட்கும். கீழே சில கேள்விகளும் இருக்கும்: கிடை முனைகளிலும், குறுக்குச் சாய்வு மாறும் இடங்களிலும், புரொஃபைல் முனைகளிலும், புரொஃபைல் உச்சி தாழ்புள்ளிகளிலும் வெட்டு எடுக்கட்டுமா என்று. எல்லாவற்றுக்கும் ஆம் என்று போடுங்கள். கடைசிக் கேள்வி அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தால் அந்தக் குளமே இருந்திருக்காது. ரீபில்டு செய்தபின் காரிடாரிலிருந்து புள்ளி உருவாக்கும் கட்டளையில் உங்களுக்கு வேண்டிய கோடுகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். மொத்தத்தையும் எடுத்தால் ஆயிரக்கணக்கான புள்ளி வரும், பெக் ஆள் திட்டுவார். குறுக்குவெட்டு வாரியாக அட்டவணை வேண்டுபவருக்குக் காரிடார் கிளையில் செக்ஷன் பாயின்ட்ஸ் அறிக்கை இருக்கிறது.

மூன்று வரி கைக்கணக்கு

அனுப்பும் முன் மூன்று வரிகளைக் கால்குலேட்டரில் போட்டுப் பார்ப்பேன்: நேர்ப்பகுதியில் ஒன்று, செங்குத்து வளைவில் ஒன்று, ஆஃப்செட் (சென்டர் லைனிலிருந்து பக்கவாட்டுத் தூரம்) உள்ள புள்ளி ஒன்று.

வளைவு லெவல் என்பது தொடக்க லெவல், அதோடு முதல் சாய்வு × தூரம், அதோடு சாய்வு மாற்றம் × தூரத்தின் வர்க்கம் ÷ நீளத்தின் இரு மடங்கு. மேலே சொன்ன வளைவில் 1+250க்குத் தூரம் 50. 24.500 − 1.500 + (0.05 × 2500 ÷ 240) = 23.521. தாழ்புள்ளிக்கு முதல் சாய்வு × நீளம் ÷ சாய்வு மாற்றம், அதாவது 0.03 × 120 ÷ 0.05 = 72 மீட்டர்.

ஆஃப்செட்டுக்கு: சென்டர் லைன் புள்ளி கிழக்கு −6500.000, வடக்கு −2000.000, அங்கே சாலையின் திசை 60 டிகிரி என்று வையுங்கள். வலது பக்கம் 3.5 மீட்டர் என்றால் திசை 150 டிகிரி. கிழக்கோடு 3.5 × சைன் 150 = 1.750 கூட்ட வேண்டும், வடக்கோடு 3.5 × காஸ் 150 = −3.031. விடை கிழக்கு −6498.250, வடக்கு −2003.031. சிவில் 3டியில் வலது பிளஸ், இடது மைனஸ், செயினேஜ் கூடும் திசையைப் பார்த்து நிற்கும்போது. குறுக்குச் சாய்வு 2.5% இறக்கம் என்றால் லெவலில் 0.0875 கழியும். அறிக்கையில் கூடியிருந்தால் சாய்வின் குறி தலைகீழ்.

ஏற்றுமதியும் எக்செலும்

பாயின்ட் குரூப்பிலிருந்து சி.எஸ்.வி. ஆக எடுங்கள். வரிசையைப் பெக் ஆளின் கருவியைப் பார்த்து முடிவு செய்யுங்கள்: எண், வடக்கு, கிழக்கு, லெவல், விளக்கம் என்பது ஒரு வகை, கிழக்கு முன்னால் வருவது இன்னொரு வகை. பாலிக் புலாவ் கதை நினைவிருக்கட்டும். விளக்கத்தில் செயினேஜையும் கோட்டின் பெயரையும் சேர்த்துவிட்டால் சைட்டில் கேள்வி குறையும்.

எக்செலில் 1+250 என்பது எண் இல்லை, எழுத்து. அதனால் வரிசைப்படுத்தினால் 10+000 வந்து 2+000க்கு முன்னால் நிற்கும். பக்கத்தில் ஒரு பத்தி போட்டு, பிளஸ் குறியை நீக்கி எண்ணாக மாற்றி, அதை வைத்து வரிசைப்படுத்துங்கள். லெவலை மூன்று தசமத்தில் நிறுத்துங்கள். திரையில் இரண்டு தசமம் காட்டும் பத்தியை அப்படியே பிரிண்ட் எடுத்தால் 23.420உம் 23.416உம் ஒன்றாகிவிடும்.

தாளின் தலையில் அலைன்மென்ட் பெயர், டிசைன் திருத்த எண், ஆயத்தொலைச் சட்டகம், லெவல் அடித்தளம், எந்த மட்டம், தேதி ஆகிய ஆறும் இருக்கட்டும். திருத்தம் மாறினால் பழைய தாளைச் சைட்டிலிருந்து வாங்கிக் கிழித்துவிடுவது உத்தமம். கன்டெய்னர் ஆபீஸ் சுவரில் ஒட்டிய தாளுக்கு ஆயுசு அதிகம்.

திரும்பி வரும் புள்ளிகள்

பெக் அடித்த பின்னோ தார் போட்ட பின்னோ எடுத்த அளவுகள் உங்களிடம் திரும்பி வரும். அவற்றை ஏற்றி, ஸ்டேஷன் ஆஃப்செட் டு பாயின்ட்ஸ் அறிக்கையை ஓட்டினால் ஒவ்வொரு புள்ளியும் எந்தச் செயினேஜில், சென்டர் லைனிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று வரும். கிடைத்த செயினேஜுக்கு டிசைன் லெவலை எடுத்துக் கழித்தால் வித்தியாசம்.

இங்கே ஒரு பொறி. மென்பொருள் புள்ளியிலிருந்து அலைன்மென்ட்டுக்குச் செங்குத்துக்கோடு போட்டுத்தான் செயினேஜ் கண்டுபிடிக்கிறது. கொண்டை ஊசி வளைவின் உட்பக்கத்தில் அப்படிப்பட்ட கோடு ஒன்றுக்கு மேல் விழலாம், புள்ளி வளைவின் அந்தப் பக்கத்துச் செயினேஜில் போய் ஒட்டிக்கொள்ளும். அலைன்மென்ட்டின் முனையைத் தாண்டி எடுத்த புள்ளிக்குக் கோடே விழாது. ஆஃப்செட் பத்தியை மட்டும் தனியாக வரிசைப்படுத்துங்கள், சாலை அகலத்துக்கு மீறிய எண்கள் மேலே வந்து நிற்கும். அவற்றை ஒவ்வொன்றாகத் திரையில் தட்டிப் பார்த்து, சரியான செயினேஜைக் கையால் எழுதி, பிறகுதான் ஒப்பந்தத்தில் அனுமதித்த அளவோடு வித்தியாசத்தை ஒப்பிட வேண்டும்.